கல்லெலும்பினுள் ஒரு பாதை
செவியின் எலும்பைக் காண முயன்றோரின் வரலாறு

தலையோட்டின் இரு பக்கங்களிலும், காது மடல்களுக்கு உட்புறமாக அமைந்துள்ள எலும்பைப் பொட்டெலும்பு என்பர். அதன் உட்பகுதி மனித உடலின் எலும்புகளிலேயே மிகவும் இறுகியது. பழங்கால மருத்துவர்கள் அதைக் கல்லுக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். கிரேக்கத்தில் காலன் வைத்த அப்பெயர் அரபியில் 'அல்அழ்முல் ஹஜரீ', அதாவது 'கல்லெலும்பு' என்றாயிற்று. இலத்தீன் வழியே வந்த இன்றைய மருத்துவப் பெயரின் பொருளும் அதுவே.

இக்கல்லுக்குள் இருப்பவையோ உடலின் மிக மென்மையான பொருட்கள். சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் செவிப்பறையின் அதிர்வை உள்ளே கடத்துகின்றன. அவற்றுள் அங்கவடியின் உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதற்கும் அப்பால் இரண்டரைச் சுற்றாகச் சுருண்ட நத்தைக் கூடும், உடலின் சமநிலையைக் காக்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் உள்ளன. முகத்தை அசைக்கும் நரம்பு இதே எலும்பினுள் ஒரு குறுகிய கால்வாய் வழியே வளைந்து செல்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனி ஒருபுறமும், மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் பெருஞ்சிரை மறுபுறமும் இதனைத் தொட்டுச் செல்கின்றன. இங்கே கருவி வைக்கும் மருத்துவரின் கை ஒரு மில்லிமீட்டர் பிசகினால் நோயாளியின் முகம் கோணிப்போகலாம், உயிரும் போகலாம்.

உடைத்தாலன்றி உள்ளே பார்க்க இயலாத எலும்பு இது. உடைத்துவிட்டாலோ பார்க்க வந்த பொருளே சிதைந்துவிடும். உடைக்காமலேயே இதனைக் காண்பது எவ்வாறு? இன்று கணினி அதற்கு விடை தருகிறது. எக்ஸ் கதிர்களால் எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களை ஒன்றுசேர்த்து, கையில் எடுத்துச் சுழற்றிப் பார்ப்பதுபோல் காதெலும்பை முப்பரிமாணத்தில் திரையில் நிறுத்துகிறது. இவ்விடையை வந்தடைய எடுத்த நீண்ட காலத்தையும், அது நம் ஊர்ப்புறத்துக் குழந்தைகளுக்கு எதனைத் தருகிறது, எதனைத் தரவில்லை என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இப்னு ஸீனாவின் வளைந்த வழி

இப்னு ஸீனா (ஹி. 370–428, கி.பி. 980–1037) தமது 'அல்கானூன் ஃபித்திப்' என்னும் பெருநூலில் செவியின் அமைப்பைக் கூறும்போது, கல்லெலும்பினுள் செல்லும் துளை நேராக இல்லாமல் திருகியும் வளைந்தும் செல்வதாக எழுதினார். அதற்குக் காரணமும் கற்பித்தார். வழி வளைந்திருப்பதால் காற்று கடக்க வேண்டிய தொலைவு நீள்கிறது. எனவே கடும் வெப்பமும் குளிரும் திடீரெனக் கேட்கும் நரம்பைத் தாக்குவதில்லை என்பது அவரது விளக்கம்.

இன்றைய அறிவைக் கொண்டு நோக்கினால் இவ்விளக்கத்தில் பல குறைகள் உள. மூன்று சிற்றெலும்புகளும் அவர் விவரிப்பில் இல்லை. ஆயினும் எலும்பின் வடிவுக்கும் அதன் பணிக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அத்தொடர்பைப் பகுத்தறிவால் தேட வேண்டும் என்னும் அணுகுமுறை அங்கே தெளிவாக நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் டொலிடோ நகரில் கிரிமோனாவின் ஜெரார்டு இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவ மாணவர்கள் செவியைப் பற்றிக் கற்ற பாடங்களில் இவ்வளைந்த வழியும் ஒன்றாயிற்று.

அவருக்குச் சற்று முன்னர் வாழ்ந்த குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (கி.பி. 936–1013) நூலோடு நில்லாமல் கருவியைக் கையிலெடுத்தவர். 'அத்தஸ்ரீஃப்' என்னும் அவரது கலைக்களஞ்சியத்தின் முப்பதாம் பகுதி முழுவதும் அறுவை மருத்துவத்துக்கே உரியது. காதினுள் விழுந்த கல்லையோ விதையையோ எடுக்க வேண்டுமானால், நோயாளியின் காதைச் சூரியனுக்கு நேரே திருப்பிப் பார்க்க வேண்டும் என்கிறார். எளிய வழிகள் யாவும் பயன்படாதபோது காது மடலின் அடியில் பிறை வடிவில் சிறிது கீறி, பொருளை எடுத்துவிட்டுத் தைக்கச் சொல்கிறார். சூரிய ஒளி எட்டும் தூரம்வரை பார்க்கலாம். அதற்கு அப்பால் இருள். அவர் காலத்து அறிவின் எல்லை அந்த இருளின் விளிம்பிலேயே நின்றது.

எலும்புக் குன்றின்மேல் ஓர் அறிஞர்

கி.பி. 1200 முதல் 1202 வரை எகிப்து கொடும் பஞ்சத்தால் அழிந்தது. அப்போது அங்கிருந்த பக்தாதின் அப்துல் லத்தீஃப் (கி.பி. 1162–1231) தாம் கண்டவற்றை ஒரு சிறு நூலாக எழுதி வைத்தார். கெய்ரோவுக்கு அருகே அல்மக்ஸ் என்னுமிடத்தில் மனித எலும்புகள் குன்றெனக் குவிந்து கிடப்பதாகக் கேள்வியுற்று, அவர் தம்முடன் மருத்துவம் பயில்வோரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றார்.

கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் இணைந்து ஆனது என்று காலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக எவரும் அதனை மறுக்கவில்லை. அப்துல் லத்தீஃப் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்தார். உடன் வந்தோரையும் தனித்தனியே ஆராயச் செய்தார். ஒன்றிலேனும் இணைப்புக் காணப்படவில்லை. கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று அவர் முடிவு செய்தார். காலன் எத்துணைப் பெரியவராயினும் கண்ணால் கண்ட சான்று அவர் கூற்றினும் நம்பத்தக்கது என்னும் கருத்தையும் பதிவு செய்தார்.

இச்செயலின் சிறப்பு ஒரு பிழையைத் திருத்தியதோடு முடிவதில்லை. ஒரு மண்டையோட்டைக் கண்டதும் முடிவுகட்டாமல் ஆயிரக்கணக்கில் பார்த்ததும், தம் கண்ணை மட்டும் நம்பாமல் பிறர் கண்ணையும் துணைக்கு அழைத்ததுமே அதன் பெருமை எனக் கருதுகிறோம். பஞ்சத்தில் மாண்டவர்களின் எலும்பிலிருந்து கற்கும்போது, அம்மக்களின் துயரத்தையும் அதே நூலில் விரிவாக எழுதி வைத்தவர் அவர். எனினும் அவர் கண்டது எலும்பின் புறத்தோற்றமே. தாடையைத் திருப்பிப் பார்க்கலாம். கல்லெலும்பின் உள்ளறையைப் புரட்டிப் பார்க்க இயலாது.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீகத்தின் மன்ஸூர் இப்னு இல்யாஸ் மனித உடலின் முழு உருவங்களை வண்ணத்தில் வரையச் செய்து ஓர் உடற்கூற்று நூலை அளித்தார். எலும்புக்கு ஒரு படம், நரம்புக்கு ஒரு படம், தசைக்கு ஒன்று, சிரைக்கு ஒன்று, தமனிக்கு ஒன்று எனப் பிரித்தது அந்நூலின் முறை. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த உறுப்புகளைப் பிரித்து அடுக்கடுக்காகக் காட்ட வேண்டும் என்னும் தேவை அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது. ஆனால் தாள் தட்டையானது. ஆழத்தை அது காட்டாது.

கத்தியின் காலம்

சிற்றெலும்புகளின் கதை 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தொடங்குகிறது. வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட நூலில் சுத்தியும் பட்டடையும் படமாக இடம்பெற்றன. அங்கவடியை இங்ராசியா அதே பத்தாண்டில் கண்டறிந்தார். முக நரம்பு செல்லும் கால்வாயை ஃபலோப்பியோ 1561இல் விவரித்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இவ்வெலும்பைக் குடைந்து செல்லும் அறுவை மருத்துவர் இறுதியில் எட்டும் மூளை உறைக்கு இலத்தீனில் 'கடினமான தாய்' என்று பெயர். அது 'அல்உம்முல் ஜாஃபியா' என்னும் அரபிச் சொற்றொடரின் நேர் பெயர்ப்பு. அறிவு ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கைமாறியதற்கு அப்பெயரே சாட்சி.

1791இல் போலோனா நகரின் கார்லோ மொந்தினி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறவியிலேயே செவித்திறனற்ற எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வண்டி மோதிய காயத்தால் இறந்தான். அவனுடைய காதெலும்புகளை அறுத்து நோக்கியபோது, இரண்டரைச் சுற்று இருக்க வேண்டிய நத்தைக் கூட்டில் ஒன்றரைச் சுற்றே இருந்தது. செவிட்டுத்தன்மைக்கு எலும்பின் அமைப்பிலேயே காரணம் இருக்கக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று. ஆயின் அச்சிறுவனுக்கு அவ்வறிவால் யாது பயன்? அவன் இறந்த பின்னரே அவன் ஏன் கேளாதிருந்தான் என்பது தெரிய வந்தது. உயிரோடிருக்கும் குழந்தையின் காதுக்குள் இதனைக் காண இன்னும் ஏறத்தாழ 200 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நிழலும் அதன் குறையும்

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். எலும்பை உடைக்காமல் காணும் வழி முதன்முதலாகத் திறந்தது. ஆனால் எக்ஸ் கதிர்ப் படம் என்பது அடிப்படையில் ஒரு நிழல். முன்னுள்ள எலும்பும் பின்னுள்ள எலும்பும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கையெலும்புக்கு இது பெரிய குறையன்று. தலையின் இரு புறமும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கும் காதெலும்புகளுக்கோ இது பெருங்குழப்பம்.

எனவே 1905இல் ஷூலரும் 1917இல் ஸ்டென்வர்ஸும் தலையை இன்ன கோணத்தில் சாய்த்தால் இன்ன பகுதி தெளிவாகும் என்று கணக்கிட்டு முறைகள் வகுத்தனர். அக்கோணங்கள் அவர்கள் பெயராலேயே வழங்கிப் பல தலைமுறைகளாக மருத்துவமனைகளில் பயன்பட்டன. எத்தனை கோணத்தில் எடுத்தாலும் நிழல் நிழலே. அங்கவடி அதில் தெரிவதில்லை.

ஒரு நிழலால் முடியாததைப் பல நிழல்களால் முடிக்கலாம் என்பதே அடுத்த திருப்பம். ஒரு பொருளை எல்லாத் திசைகளிலிருந்தும் ஊடுருவி அளந்தால், அவ்வளவைகளைக் கொண்டு அதன் உட்புறத்தைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம் என்பதை 1917இல் ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடன் நிறுவினார். மருத்துவத்தைப் பற்றி அவர் அப்போது எண்ணவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மக் 1963, 1964ஆம் ஆண்டுகளில் இதே சிக்கலைத் தனியே தீர்த்து வெளியிட்டார். அக்கட்டுரைகளை எவரும் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு இயந்திரத்தைச் செய்து முடித்தார். 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை சி.டி. முறையில் படமெடுக்கப்பட்டது. இருவரும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தறியும் கணினியும்

இப்படம் எவ்வாறு உருவாகிறது என்பதை ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவாளருக்கு விளக்குவது எளிது. போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, செய்யாற்றங்கரையில் அமைந்துள்ள கலசப்பாக்கத்தையும் உள்ளடக்கிய இந்நிலப்பகுதியில், சேலையின் கரையிலும் முந்தியிலும் வரும் புட்டாவை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவர். தாளின் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். கட்டம் நிறைந்திருந்தால் ஜரிகை மேலே வரும், வெறுமையாயிருந்தால் வராது. அத்தாளைப் பார்த்து அட்டைகளில் துளையிட்டு ஜக்கார்டுப் பெட்டியில் கோப்பர். மயிலோ மாங்காயோ தறியில் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. ஓர் ஊடை, மற்றோர் ஊடை என வரிவரியாகச் சேர்ந்து இறுதியில்தான் உருவம் தெரியும்.

கணினிப் படமும் இவ்வாறு கட்டங்களால் ஆனதே. இது வெறும் உவமையன்று. வரலாற்றிலும் இவ்வுறவு உண்டு. பிரான்சின் ஜக்கார்டு 1804ஆம் ஆண்டையொட்டி நிறைவு செய்த துளையட்டை முறையைக் கண்டே, 1830களில் சார்லஸ் பாபேஜ் தமது கணிப்பு இயந்திரத்துக்கு ஆணையிடத் துளையட்டைகளைத் திட்டமிட்டார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கணினிகளுக்குக் கட்டளைகள் பெரும்பாலும் துளையட்டை வடிவில் அளிக்கப்பட்டன.

சி.டி. படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. அப்புள்ளி கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, இறுகிய எலும்புக்கு 1000க்கும் மேல் என ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவுகோல் கூறும். முதல் இயந்திரத்தின் படத்தில் வரிசைக்கு 80 கட்டங்களாக 80 வரிசைகளே இருந்தன. ஒரு வெட்டின் கனம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் அங்கவடியை 13 மில்லிமீட்டர் வெட்டில் தேடுவது, கட்டை நூலில் நெய்த கோணியில் பட்டுப் புட்டாவைத் தேடுவதற்கு ஒப்பாகும். 1980களில் வெட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரை நெருங்கியது. 1989இல் நோயாளி நகர, கதிர்க்குழாய் சுற்ற, இடைவெளியின்றிப் படமெடுக்கும் சுருள் முறை நடைமுறைக்கு வந்தது. இன்று அரை மில்லிமீட்டர் வெட்டுகள் சில நொடிகளில் கிடைக்கின்றன.

வெட்டுகளிலிருந்து உருவம்

காதெலும்பை முப்பரிமாணத்தில் மீட்கும் முயற்சி சி.டி.யில் மட்டும் தொடங்கியதன்று. இறந்தோர் தானமளித்த காதெலும்பை மாதக்கணக்கில் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, மென்மையாக்கி, செல்லாய்டின் என்னும் பசைப்பொருளில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனத்தில் சீவும் முறை நெடுங்காலமாக உண்டு. ஓர் எலும்பிலிருந்து நானூறு ஐந்நூறு சீவல்கள் கிடைக்கும். வழக்கமாகப் பத்துக்கு ஒன்றாகச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காண்பர். ஓர் எலும்புக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். 1980களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இஸாமு ஸாண்டோவும் அவருடைய குழுவினரும் இத்தகைய சீவல்களின் விளிம்புகளைக் கணினியில் ஏற்றி, அடுக்கி, காதின் உள்ளுறுப்புகளை முப்பரிமாணத்தில் மீட்டெடுத்து அளந்தனர்.

உயிருள்ளோரின் சி.டி. வெட்டுகளிலிருந்து உருவம் அமைக்கும் முறைகளும் அக்காலத்திலேயே வளர்ந்தன. செயிண்ட் லூயி நகரில் வேனியரும் மார்ஷும் 1983இல் முக எலும்புக் கோளாறுள்ளோரின் மண்டையோட்டை இவ்வாறு அமைத்துக் காட்டினர். 1987இல் லாரன்சனும் கிளைனும் வெளியிட்ட ஒரு கணிப்புமுறை பெரும்புகழ் பெற்றது. அதன் சாரம் எளியது. அடுத்தடுத்த இரு வெட்டுகளிலிருந்து நான்கு நான்கு புள்ளிகளை எடுத்தால் ஒரு கனசதுரம் அமையும். அதன் எட்டு மூலைகளில் எவை எலும்பு, எவை எலும்பன்று என்று முன்னரே குறித்த ஓர் எண்ணைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். எட்டு மூலைகளுக்கு 256 வாய்ப்புகள். திருப்பியும் மாற்றியும் பார்த்தால் அவை 15 வகைகளில் அடங்கும். ஒவ்வொரு வகைக்கும் கனசதுரத்தை எவ்விடத்தில் முக்கோணங்களால் வெட்ட வேண்டும் என்பது அட்டவணையில் இருக்கும். கணினி கனசதுரம் கனசதுரமாக நடந்து சென்று இலட்சக்கணக்கான முக்கோணங்களைக் கோக்க, எலும்பின் மேற்பரப்பு திரையில் எழும். இத்தகைய படிமுறைக் கணக்கை உலகம் முழுவதும் 'அல்காரிதம்' என்கிறோம். பக்தாதில் கணிதம் வளர்த்த அல்குவாரிஸ்மியின் பெயரின் இலத்தீன் வடிவிலிருந்து பிறந்தது அச்சொல்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறுவது நம் கடமை. அல்குவாரிஸ்மியின் பெயர் இருப்பதால் சி.டி. இயந்திரம் நமது கண்டுபிடிப்பு என்றோ, இப்னுல் ஹைதம் ஒளியை ஆராய்ந்ததால் எக்ஸ் கதிர் அவரிடமிருந்து வந்தது என்றோ எழுதுவோர் உளர். முன்னோருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவன்று. காலனையே மறுத்துரைத்த அப்துல் லத்தீஃபின் வழிவந்தோர் ஆதாரமற்ற பெருமையால் மகிழ்தல் தகாது. அவர்கள் விட்டுச்சென்ற கேள்விகளுக்கு வேறு பலர் விடை கண்டனர்; அவ்விடைகளை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதே நம்முன் உள்ள வினா.

படமும் பொய்யுரைக்கும்

திரையில் சுழலும் அழகிய உருவம் எலும்பே என்று மயங்குதல் கூடாது. அது எலும்பைப் பற்றிய ஒரு கணக்கு. எலும்பு, எலும்பன்று எனப் பிரிக்க ஓர் எண்ணை மனிதர்தாம் தெரிவு செய்கின்றனர். அவ்வெண்ணை உயர்த்தினால் மெல்லிய எலும்புகள் படத்திலிருந்து மறைகின்றன. தாழ்த்தினால் இல்லாத எலும்பு முளைக்கிறது. தந்தத்தின் வெண்மையும் நரம்பின் மஞ்சளும் கணினி பூசிய நிறங்களே.

அங்கவடியின் அடித்தட்டு ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு கனமே உடையது. அஃதாவது படத்தின் ஒரு கட்டத்தினும் மெல்லியது. ஒரு கட்டத்துக்குள் எலும்பும் காற்றும் கலந்திருந்தால் இரண்டின் சராசரி எண்ணே அங்கே பதியும். எனவே இருக்கும் தட்டு இல்லாதது போலவும், உடையாத இடம் உடைந்தது போலவும் தோன்றக்கூடும். 1998இல் அமெரிக்க மருத்துவர் லாயிட் மைனர் ஒரு நோயை விவரித்தார். மேல் அரைவட்டக் குழலின் மேலுள்ள எலும்பு மூடப்படாமல் இருப்பதால், உரத்த ஒலி கேட்கும்போதெல்லாம் நோயாளிக்குத் தலை சுற்றுகிறது. அந்நோயைக் காண சி.டி. இன்றியமையாதது. ஆனால் கனமான வெட்டுகளில் நலமானோரின் காதிலும் அதே ஓட்டை இருப்பதுபோல் தோன்றியது. மெல்லிய வெட்டுகளை எடுத்து, குழலின் தளத்துக்கு ஏற்பத் திருப்பி நோக்கிய பின்னரே மெய்யும் பொய்யும் பிரிந்தன.

ஆகவே தேர்ந்த மருத்துவர்கள் முப்பரிமாண உருவத்தைக் கண்டாலும் அதற்கு மூலமான வெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தவறுவதில்லை. அல்மக்ஸ் குன்றின்மேல் நின்றவர் ஒரு மண்டையோட்டோடு அமையாததும், பிறர் கண்ணையும் கேட்டதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன.

இறந்தோரின் கண்ணியம்

காது அறுவை பயிலும் மருத்துவர் முதலில் இறந்தோரின் காதெலும்பைக் குடைந்து பழகுவது மரபு. மையத்தின் எலும்பை முறித்தல் உயிரோடிருப்பவரின் எலும்பை முறித்தல் போன்றது எனக் கருதும் நம் சமூகத்தில் இது எளிதில் ஏற்கப்படுவதில்லை. மருத்துவக் கல்வியின் தேவை கருதி அனுமதித்த அறிஞர்களும் உளர், தயங்கியோரும் உளர். பிற சமூகங்களிலும் இத்தயக்கம் இல்லாமலில்லை.

கணினியில் அமைந்த காதெலும்பு இத்தயக்கத்துக்கு ஓரளவு விடையாயிற்று. 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் சிகாகோவிலும் ஒஹையோவிலும், ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் திரையில் எலும்பைக் குடையும் பயிற்சிக் கருவிகள் உருவாயின. மாணவரின் கையிலுள்ள கருவி எலும்பில் படும்போது எதிர்விசையை உணர்த்தும். நரம்பைத் தொட்டால் எச்சரிக்கும். பிழை செய்தாலும் எவர் முகமும் கோணாது, மீண்டும் தொடங்கலாம்.

ஆயினும் அத்திரை எலும்பும் வெறுமையிலிருந்து பிறந்ததன்று. ஏதோ ஒரு மனிதரின் உடலிலிருந்தே அதன் அளவுகள் பெறப்பட்டன. ஒருவர் அளித்தது ஆயிரம் மாணவருக்குப் பயன்படுகிறது என்பதே வேறுபாடு. மேலும், மெய்யான எலும்பில் பெறும் பயிற்சியை இக்கருவிகள் முற்றிலும் விலக்கிவிடவில்லை. அதற்கு முன்படியாகவே இன்றும் பயன்படுகின்றன. எனவே உடல் அளித்தோருக்கு நாம் பட்டுள்ள கடன் குறைந்ததேயன்றித் தீர்ந்துவிடவில்லை.

கலசப்பாக்கத்துக் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது?

பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு நத்தைக் கூட்டினுள் மின்முனைகளைச் செலுத்திக் கேட்கச் செய்யும் அறுவை இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. பாரிஸில் 1957இல் ஜூர்னோவும் எயிரியேவும் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டியது அதன் தொடக்கம். தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னையின் காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி நிறுவனமும் இத்துறையில் அறியப்பட்டவை. அந்நிறுவனத்தின் மருத்துவர் மோகன் காமேஸ்வரன் 2006இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல இலட்சம் ரூபாய் செலவாகும் இவ்வறுவை, 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தாலும், அதன் இடத்தில் 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தாலும் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கும் எட்டியது.

அறுவைக்கு முன் காதெலும்பின் சி.டி. படம் எடுத்தாக வேண்டும். மொந்தினி இறந்த சிறுவனிடம் கண்ட குறை இக்குழந்தைக்கும் உண்டா? முக நரம்பு வழி மாறிச் செல்கிறதா? மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தையெனில், நத்தைக் கூட்டினுள் புது எலும்பு வளர்ந்து வழியை அடைத்துவிட்டதா? அவ்வாறு அடைபடத் தொடங்கியிருப்பின் காலம் தாழ்த்தாமல் அறுவை செய்தாக வேண்டும். மின்முனையின் நீளத்தைத் தெரிவு செய்வதற்கும் முப்பரிமாண அளவீடு உதவுகிறது. 1938இல் மேரி ஹார்டி 68 காதுகளை அளந்தபோது நத்தைக் குழலின் நீளம் 25 முதல் 35 மில்லிமீட்டர்வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை பொருந்தாது என்பதை நெய்வோரிடமும் தைப்போரிடமும் கூற வேண்டியதில்லை.

எனினும் படம் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. பிறவிச் செவிட்டுத்தன்மையுள்ள குழந்தைகளில் ஐவரில் ஒருவர் அளவுக்கே எலும்பில் குறை தெரிகிறது. எஞ்சியோரின் எலும்பு நலமாகவே இருக்கும்; குறை கண்ணுக்கெட்டாத உயிரணுக்களில் உள்ளது. அவற்றுள் பல மரபு வழி வருபவை. அத்தை, மாமன் மக்களை மணக்கும் வழக்கம் தென்னாட்டில் சமய வேறுபாடின்றி நெடுங்காலமாக உண்டு. நெருங்கிய உறவில் மணம்புரியும்போது, இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை குழந்தையிடம் வெளிப்படும் வாய்ப்பு மிகுகிறது. மார்க்கம் அனுமதித்தது என்பதால் அதனை வற்புறுத்தியதாகாது. ஒரு குடும்பத்தில் முன்னரே கேளாத பிள்ளைகள் இருப்பின் மணம் பேசுமுன் மருத்துவரிடம் ஆலோசித்தல் அறிவுடைமை. எந்த இயந்திரமும் செய்ய இயலாததை இவ்வாலோசனை செய்யக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. பேச்சு மொழியைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் முதல் சில ஆண்டுகளிலேயே மூளையில் வலுவாக உள்ளது. திட்டம் ஆறு வயதுவரை அனுமதித்தாலும் ஐந்தாம் வயதில் வரும் குழந்தையைவிட ஒரு வயதில் வரும் குழந்தை பெறும் பயன் மிகுதி. தறிக்குழியில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் தந்தையும், பாவு பிணைக்கும் தாயும், குழந்தை அழைப்புக்குத் திரும்பிப் பார்க்காததைக் கவனிக்கவே மாதங்கள் ஆகலாம். 'அப்பன் தாமதமாகப் பேசினான், பிள்ளையும் அப்படித்தான்' என்று உறவினர் ஆறுதல் சொல்ல, ஓராண்டு கழியும். பின்னர் திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் சென்னைக்கும் அலைய வேண்டும். அலையும் நாளெல்லாம் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. அறுவைக்குப் பின்னரும் பேச்சுப் பயிற்சிக்கு ஆண்டுக்கணக்கில் செல்ல வேண்டும். பயிற்சியைப் பாதியில் நிறுத்தினால் காதில் வைத்த கருவி ஒலியைத் தரும், மொழியைத் தராது.

ஆகவே அரை மில்லிமீட்டரைக் காணும் இயந்திரம் நம்மிடம் உண்டு. பிறந்த குழந்தை கேட்கிறதா என்று ஒவ்வொரு பிரசவ விடுதியிலும் சோதிக்கும் ஒழுங்கு இன்னும் எல்லா இடத்திலும் வேரூன்றவில்லை. நம் ஜமாஅத்துகளும் அறநிலையங்களும் திருமண மண்டபங்களுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியை, பிறந்த குழந்தைகளின் செவிச் சோதனைக்கும், அறுவை முடிந்த குழந்தைகளைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் வழிச்செலவுக்கும் ஒதுக்கினால் அது பெரும் அறமாகும். அதனைச் சமயம் பாராமல் அளித்தல் வேண்டும். தறியின் ஓசை எல்லா வீட்டிலும் ஒன்றே.

இப்னு ஸீனா எழுதிய வளைந்த வழியை இன்று நாம் கண்ணாரக் காண்கிறோம். அஸ்ஸஹ்ராவியின் சூரிய ஒளி எட்டாத இருளுக்குள் கணினி நுழைந்துவிட்டது. அந்த இருளின் மறுமுனையில், தன் பெயரை இன்னும் கேட்டறியாத ஒரு குழந்தை இருக்கிறது. அதனிடம் உரிய காலத்தில் போய்ச் சேர்வதற்கு நுண்ணிய இயந்திரங்கள் மட்டும் போதா. அதன் மௌனத்தை முதலில் கவனிக்கும் ஒருவர் அதன் வீட்டிலும் தெருவிலும் இருக்க வேண்டும்.